யாரையும் சுடாத கௌபாய்

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். தலவாக்கலை டவுனில் கடை. எங்கள் தொழிலில் கொஞ்சம் பொய் கலக்காமல் ஒரு கல்யாணம்கூட முடியாது. ஐயர் மந்திரம் சொல்லி, மேளம் கொட்டி, மாப்பிள்ளை தாலியைக் கட்டி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நான் போய், "மச்சான், ஒங்க மாமா தல மறைச்சிருச்சு, இன்னொருக்கா கட்டுற மாதிரி காட்டுங்க" என்பேன். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே மறுபடி கையைக் கொண்டுபோவார். பெண்ணும் மறுபடி குனிவாள். பிறகு பார்க்கிறவர்களுக்கு எது நிஜ முடிச்சு, எது என் முடிச்சு என்று தெரியாது. இதில் எனக்கு ஒருநாளும் மனம் உறுத்தியதில்லை. கேமராவுக்காகச் செய்தது கேமராவோடு போயிற்று, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட என்னிடம் அந்த மனிதர் வந்து சேர்ந்தது யார் செய்த பாவமோ தெரியவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஆடி மாதம். ஆடியில் எங்கள் சனம் நல்ல காரியம் எதுவும் வைக்காது, கடையில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு குதிரை வந்து நின்றது. சற்று நேரத்தில் ஒரு நெட்டையான ஆள் உள்ளே வந்தார். தலையில் விளிம்பு அகன்ற தொப்பி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, காலில் மட்டும் மரக்கறித் தோட்டத்தில் போடுகிற ரப்பர் பூட்ஸ். தொப்பியிலிருந்து மழைத்தண்ணீர் என் மேசைமேல் சொட்டியது.

"படம் எடுக்கணும் தம்பி" என்றார்.

"ஐடென்டிட்டிக்கா, பாஸ்போட்டுக்கா?"

"சினிமாப் படம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பழகிய இத்தனை வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அது சோகம் என்றும் சொல்ல முடியாது. முகத்தை வீணாகச் செலவழிக்கமாட்டார்.

பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் யாருக்கும் தெரியாது, தோட்டத்தில் எல்லோரும் 'கௌபாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். நானுஓயாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். வேலை நுவரெலியாவில். ஏரிக்கரையில் வெளியூர்ப் பிள்ளைகளைக் குதிரைமேல் உட்கார வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து வருகிற வேலை. குதிரையும் அவருடையது இல்லை, முதலாளியுடையது. சித்திரை சீசனில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடி மழையில் ஏரிக்கரையில் நாயும் நிற்காது. அப்போது குதிரையோடு தோட்டத்துக்கு இறங்கி வந்துவிடுவார்.

சினிமாப் பைத்தியம் பிடித்த கதையை அவரே சொன்னார். அவர் வழக்கமாக நிற்கிற இடத்துக்கு எதிரே பழைய ஹோட்டல் ஒன்று. அதன் கண்ணாடி ஜன்னலுக்குள் ஒரு டிவி. ஒரு மழைக்காலத்தில் அதில் கறுப்பு வெள்ளைக் கௌபாய் படங்களாக ஓடியிருக்கின்றன. குளிருக்கு ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள், சத்தம் வெளியே வராது. வந்திருந்தாலும் பயனில்லை, அவை ஊமைப்படக் காலத்துப் படங்கள் என்று பிறகு தெரிந்தது. எல்லாப் படத்திலும் ஒரே ஆள். நீளமான முகம், சின்னக் கண். கெட்டவனாக ஊருக்குள் வருவான், ஒரு நல்ல பெண்ணைப் பார்ப்பான், திருந்துவான், சண்டை போடுவான், கடைசியில் குதிரையில் ஏறிப் போய்விடுவான். நம் ஆள் குதிரையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்று ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறார்.

"வாயே தொறக்க மாட்டான் தம்பி. மொகத்த வச்சே எல்லாத்தயும் சொல்லிப்புடுவான். நமக்கும் பேச்சு வராதுல்ல, அதான் புடிச்சிக்கிருச்சு."

அந்த ஆள் யார் என்பதையும் ஒரு வெள்ளைக்காரர் மூலம் தெரிந்துகொண்டார். வயதான மனிதர், குதிரைமேல் ஏறிச் சுற்றிவந்தபோது ஜன்னலில் ஓடிய படத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, கூட வந்த கண்டி டிரைவர் அதைத் தமிழில் சொல்லியிருக்கிறார். அந்த நடிகர் நடிக்க வந்தபோதே இளவயது இல்லையாம். தன் படத்தைத் தானே எடுப்பாராம். பளபளக்கிற சட்டை போடமாட்டாராம், அசல் மாட்டுக்காரர்கள் போட்ட அழுக்குச் சட்டைதான். படத்தில் செய்வதையெல்லாம் உண்மையாகவே செய்வாராம். பிறகு பளபளச் சட்டைக்காரர்கள் வந்தார்கள், சனம் அவர்கள் பின்னால் போயிற்று, கம்பெனிக்காரர்கள் இவரை மாறச் சொன்னார்கள். இவர் மாறவில்லை. கடைசியாக ஒரு படம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம்.

எல்லாம் கேட்டுவிட்டு நம் ஆள் ஒன்றுதான் கேட்டாராம். "அந்தக் குதிர என்னாச்சு?"

குதிரையையும் கூடவே வைத்துக்கொண்டார் என்று டிரைவர் சொன்னார். அது உண்மையோ, டிரைவர் தன் பங்குக்குச் சேர்த்ததோ தெரியாது.

'உண்மையாகவே செய்வார்' என்று வெள்ளைக்காரர் சொன்னது குதிரை ஏறுவதையும் விழுவதையும்தான் என்று நினைக்கிறேன். நம் ஆள் அதைச் சத்தியம் மாதிரி எடுத்துக்கொண்டார். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

முதல் படத்தில் கதாநாயகன் மழையில் நனைகிற ஒரு கிழவருக்குத் தன் தொப்பியைப் போட்டுவிட வேண்டும். பென்சன் வாங்கிய பெரியவர் ஒருவரைப் பிடித்து நிறுத்தி எடுத்தோம். எடுத்து முடிந்ததும், "பெரியவரே, தொப்பியக் குடுங்க, அடுத்த சீன் எடுக்கணும்" என்று கையை நீட்டினேன். நம் ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடுத்தாச்சே தம்பி."

"படத்துக்குத்தானேண்ணே குடுத்தீங்க!"

"படத்துலதான் குடுத்தேன். அதுக்காக? செஞ்சா செஞ்சதுதான்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்தத் தொப்பியை நுவரெலியாவில் ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனாராம். அப்படி ஒன்று மறுபடி கிடைக்கவில்லை. மிச்சப் படங்கள் முழுக்க நம் கௌபாய் நுவரெலியா நடைபாதையில் விற்கிற காது மூடிய கம்பளித் தொப்பியோடுதான் குதிரையில் வந்தார். பெரியவர் அகன்ற தொப்பியைப் போட்டுக்கொண்டு பென்சன் வாங்கப் போனார். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆடியில் சாராயம். கெட்டவன் திருந்துகிற இடத்தில் போத்தலைக் கல்லில் அடித்து உடைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்றேன். கேட்கவில்லை, நிஜச் சாராயத்தையே உடைத்தார். சரி, ஒரு போத்தல் போயிற்று என்று விட்டுவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அவருடைய கூட்டாளிகள் என்னை வழிமறித்துக்கொண்டார்கள். "என்னாய்யா செஞ்சீங்க அந்த ஆள? தொட மாட்டேங்குறான். ஒங்க படத்துனால எங்க சபையே ஒடஞ்சி போச்சு!" அதன்பிறகு அவர் குடித்து யாரும் பார்க்கவில்லை.

ஆடி வந்தால் அவர் குதிரையோடு வருவதும், வேலையில்லாத நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதும் பழக்கமாகிவிட்டது. எல்லாப் படத்துக்கும் ஒரே கதை என்பதால் பெயர் வைக்கிற சிரமமும் இல்லை. பேச்சு கிடையாது. ஆடிக் காற்றில் மலையில் மைக் வைத்தால் காற்று மட்டும்தான் பேசும், அதனால் எனக்கும் அது வசதி. சொல்லியே ஆகவேண்டியதை ஒரு பலகையில் சோக்கட்டியால் எழுதி, கேமரா முன்னால் பிடிப்போம். மேலே தமிழ், கீழே சிங்களம். கீழ்க் கிராமத்திலிருந்து சிங்களச் சனமும் பார்க்க வரும். பாதி எழுதும்போதே தூறல் வந்து அழித்துவிடும். 'இவன் பொல்லாதவன்' என்று எழுதி முடிப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய்விடும்.

ஆடிக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம், கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் வெள்ளைச் சுவரில் என் கல்யாணப் புரொஜெக்டரை வைத்துப் போடுவோம். படம்தான் ஊமை, சனம் ஊமையில்லை. கடலையைக் கொறித்துக்கொண்டு ஆளாளுக்கு வசனம் போடுவார்கள். "அடே, பின்னால வர்றான்டா, திரும்பிப் பாரு!" "அந்தப் புள்ளகிட்ட சொல்லித் தொலையேன்யா!" அவர் பின்வரிசையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்று, தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தில் ஒன்றும் இருக்காது.

வில்லன் அந்தத் தோட்டத்து வாச்சர். காட்டுக்குக் காவல் போகிறவர், பெரிய மீசை. நம் ஆளுக்கும் அவருக்கும் வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. குதிரை ஒரு நாள் வாச்சரின் லீக்ஸ் பாத்தியை மேய்ந்துவிட்டதாம். ஆனால் அந்த மீசைக்கு வேறு ஆள் இல்லை. பேச்சில்லாத படம் என்பதால் பேசாத இருவரும் தாராளமாக நடிக்கலாம் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். கடைசிச் சண்டையில் கதாநாயகன் வில்லனை மன்னித்துக் கை கொடுத்தார். நான் நிறுத்தச் சொல்லியும் இரண்டு பேரும் கையை விடவில்லை. அடுத்த நாள் வாச்சர் ஒரு கட்டு லீக்ஸ் கொடுத்தனுப்பினார். "குதிரைக்குந்தான்" என்று சொல்லச் சொன்னாராம்.

வாச்சருக்கு ஒரு குறை மட்டும் தீரவேயில்லை.

"எந்தக் கௌபாய் படத்துலய்யா வில்லன் சாகாம இருக்கான்? ஒரு படத்துலயாவது என்னயச் சுடுங்கய்யா. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு, சுத்தோ சுத்துன்னு சுத்தி, அந்தத் தண்ணிக் கான்ல விழுந்து சாகுறேன். எம் பொஞ்சாதி புள்ளைங்க பாக்கணும்."

"ஏலாது" என்பார் இவர்.

"மரத் துவக்குய்யா அது!"

"சுட்டா சுட்டதுதான்."

வாச்சர் என்னைப் பார்ப்பார். நான் வானத்தைப் பார்ப்பேன். இப்படியாக ஒரு சாவுகூட இல்லாத கௌபாய் படங்களை எடுத்த ஒரே ஆள் உலகத்தில் அவராகத்தான் இருப்பார்.

இனி, எங்கள் கதாநாயகி தவமணி. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, தங்கச்சிமார் எல்லோருக்கும் ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். "என்னாங்கண்ணே, எம் மூஞ்சி அம்புட்டு அகலமாவா இருக்கு? ஒங்க கேமராவுல ஏதோ கோளாறு" என்று என்னைத் திட்டிக்கொண்டே இருப்பாள். ஆனால் கேமரா ஓடத் தொடங்கினால் அவள் நம் ஆளைப் பார்க்கிற பார்வை வேறு. நான் எத்தனையோ மணப்பெண்களை எடுத்திருக்கிறேன். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.

அவருக்கும் அவள்மேல் ஆசை. அதைத் தோட்டத்தில் நாய்க்கும் தெரியும். ஆனால் நேரில் நின்றால் அவர் வாயிலிருந்து, "புள்ளைங்க சொகமா?" என்பதற்குமேல் ஒன்றும் வராது. கேமரா ஓடினால்தான் அவருக்குக் கை நீளும். ஒரு படத்தில் கதாநாயகன் அவளுக்குச் சால்வை போர்த்திவிட்டான். அந்தச் சால்வையைத்தான் அவள் இன்றும் கோயிலுக்குப் போட்டுப் போகிறாள். இன்னொரு படத்தில் அவள் வீட்டுக் கூரைத் தகரத்தை மாற்றிக் கொடுத்தான். நிஜமாகவே மாற்றிய தகரம். கூரை வேலையை எதற்குக் கௌபாய் படத்தில் வைக்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மாரியில் அவள் வீடு ஒழுகவில்லை என்று கேட்ட பிறகுதான் விளங்கியது.

கடைசிக் காட்சி மட்டும் மாறாது. கதாநாயகன் அவளை ஒருமுறை பார்ப்பான், குதிரையைத் திருப்புவான், போய்விடுவான். செய்தால் செய்ததுதானே? போன ஆள் திரும்பி வரமாட்டார். நான் நிறுத்தென்று கத்தினாலும் குதிரை நிற்காது. சவுக்கு மரத் திருப்பத்தைத் தாண்டி, நானுஓயா ஏறி, நுவரெலியா லாயத்துக்கே போய்விடுவார். இங்கே பருப்பு வடையும் தேத்தண்ணியும் ஆறிப்போய்க் கிடக்கும். நாங்கள் திட்டிக்கொண்டே சாமானைக் கட்டுவோம். தவமணி ரோட்டில் நின்று அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மற்ற நேரம் ஓயாத வாய் அன்றைக்கு மட்டும் ஓய்ந்திருக்கும்.

ஒருதரம் கேட்டேவிட்டேன். "அண்ணே, ஒரு படத்துலயாவது கல்யாணம் வைங்களேன். சனம் கேக்குது."

"கட்டுனா கட்டுனதுதானே தம்பி."

"அதத்தான் நானும் சொல்றேன். கட்டுங்களேன்!"

குதிரையின் கழுத்தைத் தடவினார். பிறகு சொன்னார். "குதிர என்னுது இல்ல. மொதலாளி நாளைக்கு வித்துப்புட்டா நான் ஆரு? வெறும் ஆளு. மேல இருக்கறப்ப அவ பாக்குற கண்ணு வேற தம்பி. கீழ எறங்கி நின்னா அந்தக் கண்ணு இருக்காது."

நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் காலமும் மாறிவிட்டது. பையன்கள் கையில் ஃபோன் வந்துவிட்டது. "பாட்டு இல்லாம என்னாண்ணே படம்? ஒரு குத்துப்பாட்டாவது வைங்க" என்றார்கள். மடுவத்துச் சுவர் முன்னால் வயசாளிகளும் குழந்தைகளும்தான் மிஞ்சினார்கள். அவர் எதையும் மாற்றவில்லை.

கடைசி ஆடிக்கு முன்னால் தவமணி என் கடைக்கு வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டோ வேண்டுமாம். ஸ்டூலில் உட்கார வைத்து, "கொஞ்சம் சிரிங்க" என்றேன். சிரிக்கவில்லை.

"ஆவணி மொத ஞாயித்துக்கெழம கொத்மலப் பக்கமிருந்து பரிசம் போட வர்றாங்கண்ணே. கடையில நிக்கிற ஆளாம். பொஞ்சாதி செத்துருச்சாம். நல்ல மனுசன்னுதான் சொல்றாங்க. எங்கம்மா சரின்னுட்டாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அந்த மனுசன் வாயத் தொறந்தா நான் ஏண்ணே கொத்மலைக்குப் போறேன்? வருசா வருசம் ரோட்டுல நின்னு அவரு முதுகப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."

"அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். 'நல்ல எடமா?'ன்னு கேட்டாரு." அவள் கண் நிறைந்துவிட்டது, கோபத்தில். "செருப்பக் கழட்டலாமான்னு வந்துச்சுண்ணே எனக்கு."

எனக்கும் வந்தது. உண்மையாகவே வந்தது. அவ்வளவு நாள் பழகிய ஆள்மேல் அன்றைக்குத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

போட்டோ எடுக்காமலே எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பினாள். "இந்தப் படத்துல கடைசி சீன்ல கேமராவ நிப்பாட்டிராதீங்கண்ணே. என்னா நடந்தாலும் ஓட்டுங்க. அவருக்குக் கேமராவுல நடந்தாத்தானே நடந்தது?"

சரி என்றேன். எனக்கு அப்போதே பாதி விளங்கிவிட்டது.

அந்தக் காட்சியை மடுவத்துக்கு மேலே உள்ள ரோட்டில், மதகுக்குப் பக்கத்தில் வைத்தோம். பனி மூட்டம், ஊசித்தூறல். விஷயம் எப்படியோ கசிந்து தோட்டத்தில் பாதி வந்து நின்றது. தவமணியின் அம்மாவும் குடையோடு நின்றார். நம் ஆள் வில்லனை வழக்கம்போல மன்னித்தார், வாச்சர் வழக்கம்போலச் சாகாமல் திருந்தினார். நம் ஆள் குதிரைமேல் ஏறினார். தவமணியை ஒருமுறை பார்த்தார். குதிரையைத் திருப்பினார்.

தவமணி ஓடினாள். மதகுக் கட்டைமேல் ஏறினாள். அவர் தோளைப் பிடித்து ஒரே எட்டில் குதிரைமேல் அவருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். சேலை முழங்காலுக்கு ஏறியிருந்தது. குதிரை மிரண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. சனம் ஓவென்று கத்தியது. வாச்சர் விரலை மடக்கிச் சீழ்க்கை அடித்தார். "அடி சண்டாளி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அவள் அவர் இடுப்பை விடவில்லை.

அவர் மரம் மாதிரி இருந்தார். முகத்தில் மட்டும் ஏதோ அசைந்தது. அவளைப் பார்க்கவில்லை, என் கேமராவைப் பார்த்தார். நானும் அப்போதுதான் கேமராவைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆடிப் பனி உள்ளே இறங்கி, கேமரா தானாக நின்றுபோயிருந்தது.

"கேமரா நின்னுருச்சுண்ணே" என்றேன்.

வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமே என்று பிறகு என்னைக் கேட்காத ஆள் இல்லை. எங்கள் தொழிலில் அதை உடனே சொல்லித்தான் ஆகவேண்டும். சனம் கலைந்த பிறகு சொன்னால் யாரைப் பிடித்து மறுபடி எடுப்பது?

"எதோட நின்னுச்சு?" என்றார்.

"வாச்சருக்குக் கை குடுத்தீங்களே, அதோட."

"அப்ப இவ ஏறுனது?"

"படத்துல விழல. ஒண்ணும் பெரிசில்ல, தவமணி எறங்கி மறுபடி ஏறட்டும், நான் இத சூடு பண்ணி..."

தவமணி இறங்கினாள். சேலையைச் சரிசெய்தாள். அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதேயில்லை.

"மறுபடியெல்லாம் ஏற மாட்டேண்ணே. ஒருக்காத்தான் ஏலும் அதெல்லாம். படத்துல விழலன்னா நடக்கலதானே? சரி, விடுங்க."

தேயிலைக்கு நடுவே பிள்ளைக்காம்பராவுக்குப் போகிற கல்படிகளில் ஏறத் தொடங்கினாள். அம்மாவின் புலம்பல் நின்றுவிட்டது.

அவர் குதிரைமேல் இருந்தார். இப்போது அவரைக் கட்டுவது ஒன்றுமில்லை. ரோடு திறந்து கிடந்தது, சவுக்கு மரத் திருப்பம் தெரிந்தது. எத்தனையோ தரம் போன வழி. போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வாச்சர் கிட்டே போய்க் குதிரையின் வாரைப் பிடித்துக்கொண்டு, "யோவ், என்னயத்தான் சுடல. அந்தப் புள்ளயச் சுட்டுறாத" என்றார்.

அதற்குள் என் கேமராவைச் சட்டைக்குள் வைத்துத் தேய்த்ததில் உயிர் வந்துவிட்டது. தூக்கிப் பிடித்தேன். படம் பளிச்சென்று தெரிந்தது. அவர் குதிரையைப் படிப்பக்கம் திருப்பினார். என்னைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார்.

"வேணாம் தம்பி. அத எறக்குங்க."

இறக்கினேன்.

"தவமணி!" என்று கூப்பிட்டார். அவர் சத்தம் போட்டு நாங்கள் யாரும் கேட்டதில்லை. குரல் பாதியில் உடைந்தது. அவள் நின்றாள், திரும்பவில்லை.

"கொத்மலக்காரங்கள வர வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு."

"ஏன் வர வேணாம்?"

"நான் வர்றேன். பரிசம் போட."

அவள் திரும்பினாள். மேல்படியில் நின்றுகொண்டு, குதிரைமேல் இருந்த அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது மேல இருந்துக்கிட்டு சொன்னா எனக்குப் போதாது. எறங்கி வந்து சொல்லுங்க."

அவர் வாச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறங்கினார். ரப்பர் பூட்ஸ் சேற்றில் புதைந்தது. தரையில் நின்றபோது நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன ஆளாக இருந்தார். தோள் கூனியிருந்தது. படிகளில் வழுக்கி, கையை ஊன்றி, மறுபடி ஏறினார். அவளுக்கு ஒரு படி கீழே போய் நின்று மூச்சு வாங்கினார்.

"நான் இவ்வளவுதான் தவமணி. குதிர இல்லாட்டி இவ்வளவுதான்."

"அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள் அவள். "வாங்க, அம்மா மழையில நிக்கிறாங்க."